துணி ஸ்ட்ராப்புக்கு ஸ்பிரிங் பார் வாங்கப் போகிறீர்களா? நீளம் மட்டும் பார்த்தால் போதாது

துணி ஸ்ட்ராப் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், பக்கிளைப் பார்ப்பார்கள், அகலம் சரியா என்று பார்ப்பார்கள். ஆனால் கடிகாரம் கையை விட்டுப் போகாமல் பிடித்து வைத்திருப்பது இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங் பார்தான். குழல் ஒன்று, அதற்குள் சிறு ஸ்பிரிங், இரு பக்கமும் அமுங்கி எழும் முனைகள். கடிகாரத்தின் மிக மலிவான பாகங்களில் இதுவும் ஒன்று. கடிகாரம் கீழே விழுந்தால் பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இதுதான்.

கடையில் "22 மி.மீ. பார் கொடுங்கள்" என்று கேட்டால் பார் கிடைத்துவிடும். உங்கள் கடிகாரத்துக்குச் சரியான பார் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நீளம், குழலின் தடிமன், முனையின் தடிமன் என்று மூன்று எண்கள் தெரிய வேண்டும். துணி ஸ்ட்ராப் என்றால் நான்காவதாக ஒன்று உண்டு: பாருக்கும் கேஸுக்கும் (கடிகாரத்தின் உடற்கூடு) நடுவில் உள்ள இடைவெளி. தோல் ஸ்ட்ராப்புக்கு இதைப் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. துணி ஸ்ட்ராப்பில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்கும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: பத்தில் ஒரு மி.மீ. வரை காட்டும் காலிப்பர் (இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், ஒரு நாள் போதும்), ஸ்பிரிங் பார் கருவி, வெள்ளைத் துண்டு, ஒட்டும் காகித டேப், பழைய வங்கி அட்டை இரண்டு, ஒரு துண்டுத் தாள். அளக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். மாட்டுவதற்கு முதல் முறை அரை மணி, பழகியபின் ஐந்து நிமிடம்.

1. ஸ்ட்ராப் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

துணி ஸ்ட்ராப்பில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று, ஒரே நீளப் பட்டையாக வந்து, ஒரு பாருக்கும் கேஸுக்கும் நடுவே இறங்கி, கேஸின் பின்புறம் ஓடி, மறு பாருக்கும் கேஸுக்கும் நடுவே ஏறும் வகை. நேட்டோ (பின்னால் குட்டைப் பட்டை ஒன்றும் சேர்ந்த நைலான் ஸ்ட்ராப்), பெர்லான் (பின்னிய நைலான்), எலாஸ்டிக் எல்லாம் இந்தக் கூட்டம். இதில் பாரை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஸ்ட்ராப்பைக் கோர்ப்போம். ஒரு பார் கழன்றாலும் கடிகாரம் மறு பாரில் தொங்கும், கீழே போகாது.

இரண்டாவது, கேன்வாஸிலும் செய்ல்கிளாத்திலும் வரும் இரு துண்டு வகை. ஒவ்வொரு துண்டின் நுனியிலும் தைத்த மடிப்பு இருக்கும், பார் அதற்குள் நுழையும். இங்கே ஒரு பார் போனால் கடிகாரமும் போயிற்று. ஆகவே இரு துண்டு வகைக்குப் பார் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம்.

உங்கள் கடிகாரத்தில் நிலையான பார் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிடபிள்யூசி ஜி10 போன்ற சில ராணுவக் கடிகாரங்களில் பார் கேஸோடு சேர்ந்தே இருக்கும், கழற்றவே முடியாது. அப்படியானால் பார் வாங்கும் வேலையே இல்லை. ஒற்றைப் பட்டை ஸ்ட்ராப் ஒன்றைக் கோர்த்துக்கொள்ளலாம்.

2. லக் அகலத்தை அளங்கள்

லக் என்பது ஸ்ட்ராப்பைப் பிடிக்கக் கேஸிலிருந்து நீளும் கொம்பு. இரண்டு லக்குகளுக்கு நடுவிலுள்ள தூரம்தான் பாரின் நீளம். 20 மி.மீ. பார் என்றால் 20 மி.மீ. லக் அகலத்துக்கானது என்று பொருள். முனைகளையும் சேர்த்து அளந்தால் அதைவிட நீளமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

காலிப்பரின் உள்தாடையை, பாரின் முனை உட்காரும் துளை இருக்கும் மட்டத்தில் வைத்து அளங்கள். லக் நுனியில் அளந்தால் ஓரச் சரிவு காரணமாகக் கூடுதலாகக் காட்டும். மூன்று முறை அளந்து, வரும் எண்ணை முழு எண்ணாக்குங்கள். 19.6 என்றால் 20. ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்தால் 19, 21 போன்ற ஒற்றைப்படை அளவுகள் 20 ஆகத் தெரிந்து ஏமாற்றும்.

ஒரு மி.மீ. குறைவான பாரைப் போட்டால் முனைகள் துளைக்குள் ஆழமாக உட்காராது. கையில் இழுத்துப் பார்க்கும்போது நிற்கும், கதவில் ஒரு முறை இடித்தால் கழன்றுவிடும்.

3. துளைக்கு ஏற்ற முனை

பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பார்களின் முனை ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிமன் இருக்கும். சாதாரண அலுவலகக் கடிகாரங்களுக்கு இது சரி. டைவர் (நீரில் மூழ்குவோருக்கான) கடிகாரங்களின் லக் துளை இதைவிடப் பெரிதாக இருக்கலாம். உதாரணத்துக்கு சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007. அதன் லக் அகலம் 22 மி.மீ. கடிகாரத்தோடு வந்த பாரின் குழல் 2.5 மி.மீ., முனை ஏறக்குறைய 1.1 மி.மீ. இதில் 22 மி.மீ. நீளமுள்ள சாதாரணப் பாரைப் போட்டால் நீளம் அச்சாகப் பொருந்தும். ஆனால் 0.8 முனை அந்தத் துளைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆடினால் என்ன ஆகும்? ஸ்ட்ராப் இழுக்கும் ஒவ்வொரு முறையும் முனை துளையின் ஒரே ஓரத்தில் மோதும். நாளாக ஆக மெல்லிய முனை வளையும் அல்லது ஒடியும். அதைவிட மோசம், துளையின் ஓரம் தேய்ந்து நீள்வட்டமாகிவிடுவது. பாரை மாற்றலாம், கேஸில் தேய்ந்த துளையை என்ன செய்வது? கையை ஆட்டும்போது கடிகாரம் கிலுகிலுவென்று சத்தம் போட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முனையைத்தான்.

அளப்பது எப்படி? கடிகாரத்தோடு வந்த அசல் பார் இருந்தால் அதன் முனையைக் காலிப்பரில் பிடியுங்கள், வேலை முடிந்தது. அசல் பாரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அது இல்லையென்றால் 0.8, 1.0, 1.2 மி.மீ. துளைப்பான் பிட்டுகளின் வழுவழுப்பான பின்முனையை ஒவ்வொன்றாகத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். திருகவோ திணிக்கவோ வேண்டாம். எந்த அளவு ஆட்டமில்லாமல், தடையும் இல்லாமல் நுழைகிறதோ அதற்குச் சமமான அல்லது சற்றே குறைவான முனையைத் தேர்ந்தெடுங்கள். துளைக்குள் அழுக்கு அடைத்திருந்தால் அளவு தவறும். பல் குச்சியால் சுத்தம் செய்துவிட்டு அளங்கள்.

4. இடைவெளி: துணி ஸ்ட்ராப்பின் தலையெழுத்து

பாரை மாட்டிய நிலையில், பாருக்கும் கேஸுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? ஒற்றைப் பட்டை ஸ்ட்ராப் அந்தச் சந்துக்குள் புகுந்து வர வேண்டும். மெல்லிய நைலான் 1.2 மி.மீ. அளவில் இருக்கும். சீட் பெல்ட் நெசவும் தடித்த நைலானும் 1.4 முதல் 1.8 வரை போகும். வாங்கும் ஸ்ட்ராப்பின் தடிமனை விற்பவரிடம் கேளுங்கள், அல்லது காலிப்பரை அழுத்தாமல் துணியில் வைத்து அளங்கள்.

அந்த இடைவெளியை அளக்கக் காலிப்பர் நுழையாது. வீட்டிலிருப்பதை வைத்தே அளக்கலாம். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. இரண்டை ஒட்டிப் பிடித்தால் 1.5 மி.மீ. சாதாரண நகல் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. ஒரு தாளைப் பட்டையாக வெட்டி மடித்து மடித்துச் செருகினால், எத்தனை அடுக்கு நுழைகிறதோ அத்தனை பத்தில் ஒரு பங்கு மி.மீ. என்று கணக்கு. பன்னிரண்டு அடுக்கு நுழைந்தால் 1.2. அட்டை கேஸைக் கீறாமலிருக்க ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நேட்டோ ஸ்ட்ராப்பில் இரண்டு அடுக்குத் துணி இருக்கிறதே, இரட்டிப்பாகக் கணக்குப் போட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பாருக்கும் கேஸுக்கும் நடுவே நுழைவது நீளப் பட்டை மட்டும்தான். குட்டைப் பட்டை கேஸின் பின்னாலேயே நின்றுவிடும்.

ஸ்ட்ராப்பைவிடச் சந்து குறைந்தது 0.2 மி.மீ. பெரிதாக இருப்பது நல்லது. சமமாக இருந்தாலும் எப்படியாவது இழுத்துவிடலாம், துணி அமுங்கும். ஆனால் அதற்குப் பின் நடப்பதைப் பாருங்கள். ஆப்புபோல இறுகிய துணி பாரை எந்நேரமும் கேஸிலிருந்து வெளியே தள்ளும். தோல் ஸ்ட்ராப்பில் இழுத்தால் மட்டும்தான் பாருக்குப் பாரம், இங்கே மேசையில் கழற்றி வைத்திருக்கும்போதும் பாரம். சில மாதங்களில் குழல் நடுவில் வில்லாக வளைந்திருக்கும். அதோடு துணியின் ஓரம் நைந்து, நூல் பிரிந்து தொங்கும்.

5. குழலின் தடிமன்: தடியானதே சிறந்தது என்ற மயக்கம்

மெல்லிய அலுவலகக் கடிகாரங்களில் 1.5 மி.மீ., பெரும்பாலான கடிகாரங்களில் 1.8 (கடைகளில் 1.78 என்றும் எழுதியிருப்பார்கள்), கனமான விளையாட்டுக் கடிகாரங்களில் 2.0, சீக்கோ டைவர் வகைகளில் 2.5. இவையே வழக்கமான அளவுகள்.

தடித்த பார் எளிதில் வளையாது, உண்மைதான். ஆனால் துளை இருக்கும் இடம் மாறாததால், குழல் எவ்வளவு தடிக்கிறதோ அதில் பாதி கேஸ் பக்கமாக வளரும். 1.8-க்குப் பதில் 2.5 போட்டால் வித்தியாசம் 0.7, அதில் பாதி 0.35 மி.மீ. சந்திலிருந்து கழியும். 1.8 பாரோடு சந்து 1.9 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2.5 பார் போட்டதும் 1.55 ஆகிவிடும். 1.2 மி.மீ. நைலான் நிம்மதியாகப் போகும். 1.6 மி.மீ. தடித்த நைலான் மாட்டிக்கொள்ளும்.

முடிவெடுக்கும் வரிசை இதுதான்: முனை துளைக்குப் பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்குள் கிடைக்கும் தடிமன்களில் சந்து அனுமதிக்கும் அளவுக்குத் தடியானதை எடுங்கள். அப்படியும் சந்து போதவில்லையென்றால் ஸ்ட்ராப்பை மெல்லியதாக மாற்றுங்கள், பாரை மெலிய வைக்காதீர்கள். 1.0 மி.மீ. முனையோடு 1.8 குழல் உள்ள பார்களும் கிடைக்கின்றன. துளை பெரிது, சந்து சிறிது என்று இரண்டு தொல்லையும் சேர்ந்த கடிகாரத்துக்கு அது நல்ல வழி.

சந்து மிகவும் குறைவாக இருந்தால் வளைந்த பார் என்று ஒன்று உண்டு. நடுப்பகுதி கேஸிலிருந்து விலகி வளைந்திருக்கும், துணிக்கு இடம் விடும். மாட்டியபின் வளைவு வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஸ்ட்ராப் கோர்க்கும்போது அது சுழன்று உட்பக்கம் திரும்பிவிடும், அப்போது இருந்த இடமும் போய்விடும். நேரான பாரைக் குறட்டால் நீங்களே வளைக்காதீர்கள். குழல் நசுங்கினால் உள்ளே ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு முனை எழாது.

6. தோளா, தோளில்லாததா, குமிழா

முனைக்குப் பக்கத்தில் குழலில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். கருவியின் கவை (பிளந்த நுனி) அதைப் பிடித்துத்தான் முனையை அமுக்கும். இதைத் தோள் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைத் தோள், இரட்டைத் தோள் என்று இரண்டு உண்டு. இரட்டைத் தோளில் நடுவே பள்ளம் இருப்பதால் கவை வழுக்காது. புதியவர்களுக்கு இரட்டைத் தோளையே சொல்வேன்.

தோளே இல்லாத பார் வெளியே துளையிட்ட லக் உள்ள கேஸ்களுக்கானது. வெளிப்பக்கத் துளை வழியாக ஊசி விட்டு முனையை அமுக்கிக் கழற்றலாம். துளை வெளியே தெரியாத கேஸில் இதைப் போட்டால் மாட்டுவது சுலபம், கழற்றுவதற்குப் பிடிமானமே இருக்காது. கடைசியில் பாரை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். இந்தத் தவறு ஒருமுறை போதும்.

விரலால் நகர்த்திக் கழற்றும் சிறு குமிழ் வைத்த பார், இரு துண்டு ஸ்ட்ராப்புக்கு வசதி. துணி மடிப்பில் அதற்கென்று வெட்டு இருக்கும். ஒற்றைப் பட்டை ஸ்ட்ராப்பில் இதைப் போடாதீர்கள். பட்டை அந்தக் குமிழின் மேலேயே ஓடும், இழுபடும்போது குமிழை நகர்த்தி முனையை உள்ளே இழுத்துவிடலாம். கழற்றிய ஸ்ட்ராப்பின் பார் வீணாகிறதே என்று நேட்டோவுக்கு அதையே பயன்படுத்துகிறவர்கள் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

7. வாங்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டிய சீட்டு

வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். இப்படி: "நீளம் 20, குழல் 1.8, முனை 1.0, இரட்டைத் தோள், நேர்ப் பார், 316எல் துருப்பிடிக்காத எஃகு, நான்கு வேண்டும்." முனை அளவு தெரியாது என்று விற்பவர் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

நான்கு கேட்பது எதற்கு? இரண்டு மாட்ட, ஒன்று மாட்டும்போது தெறித்துத் தொலைய, ஒன்று கைவசம் இருக்க. செலவு விஷயத்தில் பார்தான் கடைசி, அதில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. முதல் செலவை நல்ல கருவியில் போடுங்கள். பெர்ஜியான் 6767 போன்ற, கவை ஒரு பக்கமும் ஊசிமுனை மறுபக்கமும் உள்ள கருவி பல ஆண்டு வரும். மழுங்கிய கருவி லக்கைக் கீறும்.

பல அளவுகளில் நூற்றுக்கணக்கான பார்கள் நிறைந்த மலிவுப் பெட்டி கண்ணைக் கவரும். அவற்றில் பெரும்பாலும் மெல்லிய குழலும் 0.8 முனையும்தான். கை பழக வைத்துக்கொள்ளுங்கள், விலை உயர்ந்த கடிகாரத்தில் மாட்டாதீர்கள். ஸ்ட்ராப்போடு இலவசமாக வரும் பாருக்கும் இதே எச்சரிக்கை.

8. மாட்டும் முறை

அ. துண்டை விரித்துக் கடிகாரத்தை முகம் கீழாக வையுங்கள். லக்குகளின் மேல் டேப் ஒட்டுங்கள்.

ஆ. பாரை மாட்டும் முன் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டால் சரி, தத்தித் தத்தி உருண்டால் வளைந்தது. இரு முனைகளையும் நகத்தால் அமுக்கி விடுங்கள், ஒரே வேகத்தில் முழுதாக எழ வேண்டும்.

இ. ஒரு முனையைத் துளைக்குள் வையுங்கள். மறு முனையின் தோளைக் கவையால் பிடித்து அமுக்கி, லக்கின் உட்சுவரை ஒட்டியே நகர்த்தித் துளைக்கு நேராகக் கொண்டு வாருங்கள். "டிக்" என்று சத்தம் கேட்கும். பார் தெறிக்கும் என்று பயமாக இருந்தால் கடிகாரத்தையும் கையையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே வேலை செய்யலாம், வேடிக்கையாகத் தெரிந்தாலும் தரையில் ஊர்ந்து தேடுவதைவிட மேல்.

ஈ. இரு துண்டு ஸ்ட்ராப்பென்றால் பார் மடிப்புக்குள் தானாக நுழைய வேண்டும். 2.5 பாரை 1.8-க்குத் தைத்த மடிப்பில் அடித்து ஏற்றினால் தையல் விடும். தடித்த பார் அவசியமென்றால் அதற்கேற்ற மடிப்புள்ள ஸ்ட்ராப் வாங்குங்கள்.

உ. ஒற்றைப் பட்டையென்றால் இரண்டு பார்களும் உட்கார்ந்தபின் 12 மணிப் பக்கம் மேலிருந்து கீழாக நுனியை விட்டு, கேஸின் பின்னால் கொண்டுபோய், 6 மணிப் பக்கம் கீழிருந்து மேலாக எடுங்கள். பக்கிள் 12 மணிப் பக்கம் நிற்கும். இறுகினால் முரட்டுத்தனமாக இழுக்காமல் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

9. கையில் கட்டும் முன் சோதனை

"டிக்" சத்தத்தை நம்பிவிடாதீர்கள். முனை துளையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும்போதும் அதே சத்தம் வரும். ஸ்ட்ராப் கோர்க்கும் முன் பாரை விரலால் சுழற்றுங்கள், தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு கருவியால் பாரை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை மெதுவாகத் தள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுமுனை துளையை விட்டு வெளியே வரக் கூடாது. கடைசியாக ஸ்ட்ராப்பைக் கோர்த்து, மெத்தைக்கு மேல் பிடித்துக்கொண்டு, லக்குகளிலிருந்து விலகும் திசையில் இரு பக்கமும் நன்றாகச் சுண்டி இழுங்கள். கழலப் போகிற பார் மெத்தையில் கழலட்டும்.

10. எப்போது மாற்றுவது

துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலில் நனைந்த நைலான் காயும்வரை பார் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. நல்ல எஃகுக் குழலானாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கலாம். மணல் இன்னும் மோசம், துணிக்குள் தங்கி அரம்போலப் பாரைத் தேய்க்கும், முனையின் சந்தில் நுழைந்து அதை எழவிடாமல் செய்யும். கடலுக்குப் போய் வந்தால் ஸ்ட்ராப்பைக் கழற்றி இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். எண்ணெய் விட வேண்டாம், அழுக்கை இழுக்கும், துணியில் கறையாகும்.

தினமும் கட்டுகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். அடிக்கடி கடலில் இறங்குகிறவர் ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் மாற்றிவிடுவது நல்லது. காலக்கணக்கு எதுவானாலும், வளைவு, முனை முழுதாக எழாமை, துருப் புள்ளி, முனையில் ஒரு பக்கத் தேய்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கழற்றிய பாரைப் புதியவற்றோடு ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள், பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குறட்டால் ஒரு மடக்கு மடக்கிக் குப்பையில் போடுங்கள்.